பேரிக்காயும் பிச்சியும்

முதல் தடவை அது வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சமையலறைத் தொட்டியில் சாளை கழுவிக்கொண்டிருந்தேன். விரல்களில் செதில், முழங்கைவரை மீன் வாடை. அதற்கு நடுவில், யாரோ என் கழுத்தருகே வந்து ஒரு சீசாவை அழுத்திவிட்டுப் போனதுபோல, என்னுடைய பாடி ஸ்ப்ரேயின் மணம் வந்தது. முதலில் பேரிக்காய், அதன் பின்னாலேயே பிச்சிப்பூ.

மகள்தான் எடுத்து அடிக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. திரும்பிய அந்த நேரத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு பயம் கிளம்பி மேலே வந்தது. பயப்பட அங்கே எதுவும் இல்லை. பட்டப்பகல். கீழே தெருவில் மீன்காரரின் குரல் இன்னும் கேட்டது. அடுத்த அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் பின்னால் யாரோ நிற்கிறார்கள், நான் அசைந்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல உடம்பு விறைத்து நின்றது. பிறகு மணம் போயிற்று. பயமும் அதோடு போயிற்று. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீ என் ஸ்ப்ரேயை எடுத்தியா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. நான் இன்னும் குளிக்கவே இல்ல," என்றாள் மகள், சோபாவில் படுத்தபடி. அப்போது அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

"பின்னே மணம் எங்கேருந்து வருது?"

"எந்து மணம்? எனக்கு மீன் நாற்றம்தான் வருது," என்றாள் மலையாளம் கலந்து.

அதோடு அதை மறந்துவிட்டேன்.

அந்த ஸ்ப்ரேயை எனக்கு வாங்கித் தந்தவளும் அவள்தான், என் பிறந்தநாளுக்கு. நாற்பது வயது தாண்டும்வரை நான் வாசனைத் திரவியம் எதுவும் பூசியதில்லை. நாகர்கோவில் பக்கம் பிறந்து வளர்ந்தவள். தலைக்குப் பூ, முகத்துக்குப் பவுடர், அதற்குமேல் எங்கள் வீட்டில் யாருக்கும் தேவைப்படவில்லை. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த பிறகும் அப்படியேதான் இருந்தேன். கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் அவருடைய அப்பா காலத்து ஜவுளிக்கடை. நான் புறநகரில், கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். கரமனையில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். காலையில் ஆபீஸ் பஸ்ஸில் என்னோடு ஏறும் பெண்கள் பலர் என் மகளைவிடச் சில வயதே மூத்தவர்கள். ஒவ்வொருத்தி ஏறும்போதும் பஸ்ஸுக்குள் ஒரு வாசனை ஏறும். நான் ஏறும்போது தேங்காய் எண்ணெய் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

"இது ரொம்ப லைட்டும்மா. டெய்லி போடலாம். தலையெல்லாம் வலிக்காது," என்று சொல்லி மகள் என் மணிக்கட்டில் அடித்துக் காட்டினாள்.

சீசாவின் மேல் நறுக்கிய பேரிக்காய் ஒன்றும், பெயர் தெரியாத ஒரு வெள்ளைப் பூவும் அச்சடித்திருந்தார்கள். எனக்கு அது பிச்சி. தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வரும் புது மொட்டின் மணம் அல்ல. காலையில் வைத்த பூ சாயங்காலம் தலையிலிருந்து எடுக்கும்போது மிச்சமிருக்குமே, அந்த அளவு. எனக்குப் பிடித்துப்போயிற்று. தினமும் கிளம்பும்போது கழுத்தின் இரண்டு பக்கமும் மணிக்கட்டிலும் அடித்துக்கொள்வேன். பஸ் கழக்கூட்டம் போய்ச் சேர்வதற்குள் பாதி போய்விடும். மீதிப் பாதி, கம்ப்யூட்டர் முன்னால் கையைத் தூக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், "சேச்சிக்கு இது நல்லா சேருந்நுண்டு," என்றாள், அக்காவுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது என்று. அன்று முழுவதும் அந்த வார்த்தை கூடவே இருந்தது.

ஆகவே இரண்டாவது தடவை, ஆபீஸ் காண்டீனில் கையில் தட்டோடு நிற்கும்போது அந்த மணமும் பயமும் சேர்ந்து வந்தபோது, என்மேலிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொண்டேன். பயத்துக்கு வெறும் வயிறு காரணம். மூன்றாவது தடவை வீட்டுப் படிக்கட்டில். அதற்கும் ஏதோ ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

அப்புறம் அந்த மழை நாள் வந்தது. பைபாஸில் தண்ணீர் ஏறிவிட்டது என்று ஆபீஸை மதியமே விட்டுவிட்டார்கள். எனக்கு அன்று கடுமையான ஜலதோஷம். காலையில் காப்பியின் மணம்கூடத் தெரியாத அளவுக்கு மூக்கு அடைத்திருந்தது; ஸ்ப்ரேயும் அடித்துக்கொள்ளவில்லை. மகள் பள்ளிக்கூடத்தில், கணவர் கடையில். ஆள் இல்லாத வீட்டைத் திறந்து உள்ளே ஒரு அடி வைத்தேன். கூடம் முழுவதும் பேரிக்காய் மணத்தது.

வீட்டுக்குள் ஆள் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை, தெரிந்தது. சந்தேகம் என்றால் அதில் ஒரு இடைவெளி இருக்கும். இதில் அது இல்லை. என் அறையில் நின்றுகொண்டு, என் சீசாவை எடுத்து அடித்துவிட்டு, நான் வரும் சத்தம் கேட்டு அசையாமல் காத்திருக்கிறான். குடையை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன். கீழே வீட்டுக்காரர்களின் கார் ஷெட்டுக்கு அடியில் நின்று கணவருக்குப் போன் செய்தேன். "வாங்க, வாங்க," என்று மட்டும் சொன்னேனாம்.

அவர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு மழைக்கோட்டுகூடப் போடாமல் பைக்கில் வந்தார். நனைந்த செருப்போடு மேலே போனார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், குளியலறையில், மொட்டைமாடியில் எல்லாம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"ஒரு பூச்சிகூட இல்ல. வா."

"மணம்? உங்களுக்கு மணம் தெரியல்லியா?"

"என்ன மணம்?"

"என் ஸ்ப்ரே. யாரோ அடிச்சிருக்காங்க."

அவர் எனக்காக மறுபடியும் மேலே போய் அறை அறையாக நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். அப்போது எனக்கே அந்த மணம் போய்விட்டிருந்தது. "ஈரத்துணி மணம்தான் வருது," என்றார். சீசா கண்ணாடி மேசையில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதன் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்ததுபோல எனக்குப் பட்டது. நான் ஒருபோதும் அப்படி வைப்பதில்லை என்று அவரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அது நிச்சயமாகிக்கொண்டே வந்தது.

எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்களிடம் இன்னொரு சாவி இருந்தாலும் இருக்கும் என்றார் அவர். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். மறுநாளே ஆள் கூட்டிவந்து பூட்டை மாற்றினார்.

"கேட்டியா, இனி யாரும் வரமுடியாது. நிம்மதியா இரு."

நான் நிம்மதியாக இருக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் முதலில் அலமாரியைத் திறந்து பார்ப்பேன். திரைச்சீலைகளை ஒதுக்கிக் கட்டிவைத்தேன். மகளிடம் ஒருநாள், "உன்கூடப் படிக்கிற பிள்ளைங்க யாராவது நான் இல்லாதப்ப இங்க வராங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"அம்மாக்கு எந்தா பற்றியே? என்னை எதுக்கு இப்பிடி சோதிக்கே?"

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்; கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் பாதியில் நின்றுவிடும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தச் சீசாவைப் பார்ப்பதே பயமாகிவிட்டது. ஒருநாள் கைப்பையில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துப்போய், பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் கொடுத்தேன். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தும்மல் வருகிறது என்றேன். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். வீட்டில் இனி அந்த மணத்தின் ஒரு துளியும் இல்லை. ஸ்ப்ரே பட்ட சுடிதார்களை எல்லாம் ஊறவைத்துத் துவைத்துக் காயப்போட்டேன். அன்று சாயங்காலம் மாடியில் நின்றபோது பல நாட்களுக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டதாக நினைவு.

அந்த வாரமே, சோற்றுக்கு உலை வைத்துவிட்டு நிற்கும்போது, அது வந்தது. பேரிக்காய், பிச்சி, அப்புறம் பயம்.

சீசா இல்லை. பூட்டு புதிது. கணவரும் மகளும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் எதையும் முகரவில்லை. அதுவரை வெளியிலிருந்து யாரோ வருகிறான் என்று பயந்துகொண்டிருந்தேன். அவனைப் பூட்டுப் போட்டு நிறுத்தலாம் என்ற நம்பிக்கையாவது இருந்தது. இது எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்தது. எனக்குள்ளிருந்து வருகிறது. உலை கொதித்து மூடியைத் தள்ளியது. நான் அரிசியைக் களைந்து போட்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இந்த ஊரில் பூ மணம் வந்தால் யட்சி வருகிறாள் என்பார்கள். பேரிக்காய் மணத்தோடு வருகிற யட்சியை யாரும் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்து நானே சிரித்துக்கொண்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் இல்லாததைப் பார்க்கிற, இல்லாததைக் கேட்கிற பெண்ணுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்தேன். இல்லாத வாசனை வருவது ஏன் என்று தட்டினேன். வந்த பதில்களில் மூளை என்றும் கட்டி என்றும் இரண்டு சொற்கள் கண்ணில் பட்டன. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். அதற்குமேல் படித்தால் அது உண்மையாகிவிடும் என்று பயம். மகளுக்குப் பொதுப்பரீட்சை வருகிறது, அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவுசெய்தேன். நன்றாகப் படித்த, பிறருக்கு யோசனை சொல்கிற ஒருத்தியான நான் அப்படித்தான் இருந்தேன்.

கழக்கூட்டத்தில் பஸ் எங்களை மேம்பாலத்துக்குக் கீழே இறக்கிவிடும். சர்வீஸ் ரோட்டைக் கடந்துதான் ஆபீஸ் வாசலுக்குப் போகவேண்டும். தினமும் கடக்கிற ரோடு. ஒருநாள் காலையில் மற்றவர்களோடு நின்று வண்டிகள் குறையக் காத்திருந்தேன். பேரிக்காய் மணம் வந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்தது, ஒரு பேருந்தின் முன்கண்ணாடி. அதற்குள் டிரைவர் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். எனக்குச் சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் கேட்டது. நான் ரோட்டின் நட்டநடுவில் நின்றிருந்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. யாரோ ஒருவர் என் மேல்கையை இறுகப் பிடித்து இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தார். "ஏது லோகத்தாணு?" என்று திட்டினார், எந்த உலகத்தில் இருக்கிறாய் என்று. அவரும் பயந்துபோயிருந்தார். தூக்கம் சரியில்லை, மன்னித்துவிடுங்கள் என்றேன். செருப்பு ரோட்டின் நடுவில் கிடந்தது. வண்டிகள் அதன்மேல் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதையும் நான் வீட்டில் சொல்லவில்லை. புதுச் செருப்பு வாங்கிக்கொண்டேன். அதன்பின் ரோட்டைக் கடக்கும்போது யாராவது ஒரு பெண்ணின் துப்பட்டா ஓரத்தைத் தொட்டுக்கொண்டே நடப்பேன், அவளுக்குத் தெரியாமல். அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது மேடையைப் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு மூச்சையும் சந்தேகப்பட்டேன். தெருவில் யார் வீட்டிலாவது பழம் நறுக்கினால்கூட உள்ளங்கை வியர்த்துவிடும்.

என்னை நிறுத்தியவள் மகள். ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் பாடப் புத்தகத்தோடு இருந்தாள். திடீரென்று பார்த்தால் அவள் என் பக்கத்தில் நிற்கிறாள், முகமெல்லாம் வெளுத்து. கையில் போன்.

"அம்மா, நான் யார்?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லும்மா. நான் யார்?"

பெயரைச் சொன்னேன். அவள் என் தோளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பிறகு போனைக் காட்டினாள்.

அந்த வீடியோவில் நான் இருந்தேன். கீரைக் காம்பு ஒரு கையில். மூக்கை ஒருதரம் உறிஞ்சினேன். அப்புறம் என் கண் ஒரே இடத்தில் நின்றது. அங்கே எதுவும் இல்லை, சுவர்தான். உதடுகள் எதையோ சுவைப்பதுபோல அசைந்தன. விழுங்கினேன், மறுபடி விழுங்கினேன். இடது கை, மேசையில் இலையே இல்லாத இடத்தில் இலை பொறுக்கியது. "அம்மா, அம்மா, கேட்குதா?" என்று மகளின் குரல். நான் திரும்பவே இல்லை. கடைசியில் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் வந்தது. வந்த ஆள் ஒன்றும் நடக்காததுபோலக் கீரையை உருவத் தொடங்கினாள்.

என் வாழ்க்கையில் அதைவிடப் பயப்படவைத்த எதையும் நான் பார்த்ததில்லை. ரோட்டில் நின்ற பேருந்துகூட அப்படிப் பயமுறுத்தவில்லை. என் முகத்தில் நான் இல்லாமல் இருந்ததை நானே பார்த்தேன்.

"இது முதல் தடவை இல்லம்மா. போன வாரமும் பார்த்தேன். சொன்னா நீ நம்பமாட்டே. அதான் எடுத்தேன்."

கணவருக்குப் போன் செய்தாள். அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்: காண்டீன், உலை, போனில் படித்தது, ரோடு, செருப்பு. அவர் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். செருப்பைச் சொன்னபோது எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "பூட்டு மாத்தும்போதே எனக்குத் தோணிச்சு," என்றார். "ஆனா என்னன்னு கேக்க பயமா இருந்தது."

நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். என் வயதுப் பெண்மணி. மதுரையில் படித்தவராம், மலையாளம் கலந்த தமிழில் பேசினார். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"வாசனை வரும்போள் பேடி வருமோ?"

மலையாளத்தில் பயத்துக்குப் பேடி என்பார்கள். வரும் என்றேன்.

"முதல்ல எது? வாசனையா, பேடியா?"

"வாசனை. அப்புறம் பயம். ஆனா அந்தப் பயம் எப்பவும் எதையாவது சொல்லிட்டே வரும் டாக்டர். பின்னால ஆள் நிக்குது, உள்ள ஆள் இருக்குன்னு."

"அது ஒண்ணும் சொல்லாது," என்றார் அவர் பொறுமையாக. "வாசனை அறியுற இடமும், பேடிக்குற இடமும் தலைக்குள்ள அடுத்தடுத்து இருக்கு. அங்க ஒரு சின்ன கரண்ட் அடிக்குது. வாசனையும் வரும், பேடியும் வரும். காரணம் உண்டாக்குறது நீங்க. வெறுதே பேடிக்க மனுஷனால முடியாது அல்லே?"

இது ஒரு வகை வலிப்பு என்றார். கீழே விழுந்து கைகால் இழுப்பது மட்டும் வலிப்பு இல்லையாம். பலருக்கு ரப்பர் எரிகிற நாற்றமோ அழுகல் நாற்றமோதான் வருமாம், நல்ல வாசனை வருவது குறைவாம். ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்த அன்றும் அந்த மணம் அவ்வளவு தெளிவாக வந்ததைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். எதனால் என்று ஸ்கேன் எடுத்துத்தான் சொல்லமுடியும் என்றார். அதில் என்ன தெரியக்கூடும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த இரண்டு சொற்கள் எனக்கும் என் கணவருக்கும் நடுவில் ஆட்டோவில் உட்கார்ந்து வீடுவரை வந்தன.

ஸ்கேன் அறையில் தலையை ஒரு கூண்டுக்குள் பொருத்திக் குழாய்க்குள் தள்ளினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, முடியவில்லை என்றால் அழுத்தச் சொன்னார்கள். டமடமவென்று சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் குழாய்க்குள் பேரிக்காய் மணம் வந்துவிடக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். வரவில்லை. வெளியே வந்தபோது உள்ளங்கையில் பந்தின் வட்டம் பதிந்திருந்தது.

முடிவு தெரியும் நாள்வரை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைத் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. கணவர் மத்தியானம் கடையை விட்டுச் சாப்பிட வந்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படி வந்ததில்லை. மூன்று பேரும் அதைப்பற்றிப் பேசவில்லை. எனக்கு மகளின் பாவாடை தாவணி, அவளுடைய கல்லூரி, அவளுக்குத் தலைமுடி பின்னத் தெரியாதது என்று என்னென்னவோ நினைவுக்கு வந்தன.

"கட்டி ஒண்ணுமில்ல," என்று டாக்டர் நாங்கள் உட்காருவதற்கு முன்பே சொன்னார். கணவர் நின்றுகொண்டே மேசையைப் பிடித்துக்கொண்டார். படத்தில் ஒரு மூலையைக் காட்டி, அது ஒரு பழைய வடு என்றார். "குட்டியா இருக்கும்போ காய்ச்சல்ல வலிப்பு வந்திருக்கோ? நீண்ட நேரம்?"

எனக்குத் தெரியாது என்றேன். அப்படி எதுவும் வீட்டில் சொல்லிக் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே நாகர்கோவிலுக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் எனக்கு வலிப்பு வந்ததா என்று கேட்டேன்.

"யாரு சொன்னா மக்ளே உனக்கு?" என்றாள் அம்மா.

"டாக்டர்தான்மா கேக்காங்க. வந்துதா?"

"வந்துது. ஒண்ணரை வயசு உனக்கு. காய்ச்சல்ல கண்ணு மேல போச்சு. உங்க அப்பா உன்னைத் தோள்ல போட்டுட்டு ஓடினாரு. ஆஸ்பத்திரி போய்ச் சேந்த பொறவும் நிக்கல்ல. நீ செத்துப்போயிட்டேன்னுதான் நெனச்சோம்."

"ஏன்மா சொல்லல்ல?"

"பொம்பளப் பிள்ளைக்கு வலிப்பு வந்ததுன்னு சொன்னா யாரு கெட்டுவா? உங்க அப்பா யாருட்டயும் சொல்லாண்டாம்னாரு. பொறவு உனக்கு ஒருக்காலும் வரல்ல. நான் தெனமும் பாத்துட்டே இருந்தேன் மக்ளே. நீ பள்ளிக்கூடத்துக்குப் போனா, வந்து சேருத வரைக்கும் எனக்கு உயிரு இல்ல. கல்யாணத்தன்னைக்கு மணையில இருக்கும்போதும் உன் மொகத்தத்தான் பாத்துட்டிருந்தேன்."

அவள் அழவில்லை. இத்தனை வருடமாக யாரிடமாவது சொல்லவேண்டும் என்று வைத்திருந்ததைச் சொல்வதுபோல நிதானமாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். அந்த வராந்தாவில் அது வரவில்லை. பிறகு சில மாதங்கள் கழித்துக் கொஞ்சம் வந்தது, போனது.

திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மகளுக்கு வருமா? வடுவால் வருவது அவளுக்குப் போகாது என்று அவர் சொன்னார்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரங்கள் சுலபமாக இல்லை. தலை சுற்றும், கணக்கில் ஒரு வரியைப் பல தடவை படிப்பேன். குளியலறைத் தாழ்ப்பாள் போடக் கூடாது, தனியாக அடுப்பில் நிற்கக் கூடாது, தனியாக ரோடு கடக்கக் கூடாது. ஆபீஸில் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் மட்டும் சொன்னேன். அவள் மறுநாளிலிருந்து ஸ்ப்ரே இல்லாமல் வந்தாள். வேண்டாம், நீ போடு, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நான் சொன்னதை அவள் நம்பவே இல்லை.

அந்த வாசனை இன்னும் சில தடவை வந்தது. பிறகு பாதியாக வந்தது. பேரிக்காய் மட்டும், பிச்சி இல்லாமல். பயம் வந்தால், இது கரண்ட், இது கரண்ட் என்று மனசுக்குள் சொல்வேன். சொன்னால் பயம் குறையாது. ஆனால் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க ஒன்றுகூட வரவில்லை.

ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது வந்துவிட்டது. பேரிக்காயும் பிச்சியும் முழுசாக. முன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பயம் அடிவயிற்றில் இருந்து வருகிறதா என்று பார்த்தேன். வந்தது, ஆனால் இது வேறு மாதிரி, சாதாரணமாகப் பயப்படும்போது வருவதுபோல. பக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் இருந்தாள்.

"மோளே, நீ ஸ்ப்ரே எதுவும் அடிச்சிருக்கியா?"

அவள் அதிகமாகிவிட்டதோ என்று சங்கடப்பட்டு மணிக்கட்டைத் துப்பட்டாவில் தேய்த்தாள். "கூடிப்போயோ ஆன்ட்டி? ஸாரி."

"இல்ல, கூடல்ல. இருக்கட்டும்," என்றேன். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அவள் இன்னும் சங்கடப்பட்டாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் இரண்டு பேரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளாகவே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு வீடியோ எடுக்கும்போ என் கை எப்பிடி விறைச்சது தெரியுமா? ஓடி வந்து உன்னைப் பிடிக்கணுமா, எடுத்துட்டே இருக்கணுமா, ஒண்ணும் அறியல்ல. நீ கண்ணு மாத்தவே இல்ல. நீ செத்துட்டேன்னு நினைச்சேன். உட்கார்ந்துட்டே செத்துட்டேன்னு."

"பின்னே ஏன் எடுத்துட்டே இருந்தே?"

"இல்லன்னா நீ சொல்லமாட்டியே."

அது சரிதான் என்றேன். அவள் அந்த வீடியோவை இன்னும் அழிக்கவில்லையாம். வேண்டாம், அழித்துவிடு என்றேன். டாக்டருக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வது என்றாள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கினாள். நான் குளிக்கப் போனேன். தாழ்ப்பாள் போடலாம் என்று டாக்டர் போன தடவை சொல்லியிருந்தார். போட்டேன். அவள் வெளியே வந்து ஒருதரம் கதவைத் தட்டி, "அம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.